நடவுக் குழுவும் ஒரு நிறுவனமே: புராஜெக்ட் மறுதேர்வு கோரும் மனு

அனுப்புநர்:
சா. தமிழ்நிலா, த/பெ. சாமிதுரை,
பி.காம். (வணிகத் தகவல் தொழில்நுட்பம்), மூன்றாம் ஆண்டு,
தெற்குத் தெரு, மருதங்காட்டுக்குடி,
திருத்துறைப்பூண்டி வட்டம்.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
முள்ளியாற்றங்கரை கலை அறிவியல் கல்லூரி (தன்னாட்சி),
திருத்துறைப்பூண்டி.

பொருள்: ஆறாம் பருவ புராஜெக்ட் வாய்மொழித் தேர்வில் ‘நிறுவனம் இல்லை’ எனக் குறித்து மதிப்பெண் மறுக்கப்பட்டது – மறுதேர்வு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: கல்லூரியின் புராஜெக்ட் கையேடு, பக்கம் 7.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தேர்வுக் கட்டணம் கட்டவும் ஹால் டிக்கெட் வாங்கவும் தவிர வேறு எதற்கும் தங்கள் அலுவலகப் படி ஏறியதில்லை. மனுவோடு வருவது இதுவே முதல் முறை. கோபத்தில் எழுதிய முதல் பிரதியைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இந்தப் பிரதியிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. என் புராஜெக்ட், நடவுக் குழு ஒன்றுக்கான பணி ஒதுக்கீட்டுத் தகவல் முறை. எங்கள் ஊரில் திருமதி நீலாம்பாள் தலைமையில் இருபத்திரண்டு பெண்கள் ஒரு குழுவாக நடவுக்குப் போகிறார்கள். சம்பா பருவத்தில் முப்பத்தொரு விவசாயிகள் இந்த ஒரு குழுவை நம்பியிருக்கிறார்கள். யார் வயலுக்கு எந்த நாள், எத்தனை ஆள் என்பதையெல்லாம் அவர் மனதிலேயே வைத்திருந்தார். ஒரே நாளை இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டு இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்கியதும் உண்டு. அதைக் கைப்பேசியில் ஒரு விரிதாளாக்கி (ஸ்ப்ரெட்ஷீட்), மறுநாள் பட்டியலைத் தினமும் மாலையில் குழுவின் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சொல்லும்படி அமைத்தேன். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்த இருபத்திரண்டு பேரில் என் அம்மாவும் ஒருவர்.

2. கடந்த 24.04.2025 அன்று நடந்த வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டி, கம்பெனிச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார். குழுத் தலைவி கையெழுத்திட்ட கடிதத்தைக் காட்டினேன். “நடவு ஆளுங்களுக்கு எதுக்கும்மா இன்ஃபர்மேஷன் சிஸ்டம்?” என்று சிரித்தார். சிவப்பு மையில் ‘நிறுவனம் இல்லை’ என்று எழுதினார். மொத்தம் நான்கு நிமிடம். என் மென்பொருளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது அறிவிப்புப் பலகையில் என் பதிவெண்ணுக்கு எதிரே ‘மறு சமர்ப்பிப்பு’ என்று இருக்கிறது. அப்படியே விட்டால் நவம்பர் வரை அரியர். இந்த ஆண்டு முதுநிலைச் சேர்க்கை கைநழுவிப் போகும்.

3. கையேட்டின் ஏழாம் பக்கத்தில் ‘நிறுவனம் அல்லது ஏதேனும் ஓர் அமைப்பு’ என்றுதான் இருக்கிறது. அந்த ‘அமைப்பு’க்குப் பெயர்ப்பலகையும் ஏ.சி. அறையும் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. மூன்று முறை படித்துவிட்டேன்.

4. என் வேலையில் குறையே இல்லை என்று சாதிக்க வரவில்லை. முதல் வடிவம் படுதோல்வி. முதலில் பதிந்தவருக்கு முதலில் ஆள் என்று பாடத்தில் படித்ததை அப்படியே வைத்தேன். கடைமடை விவசாயி திரு. சிங்காரவேலுதான் எல்லாருக்கும் முன்னால் பதிந்திருந்தார். அதனால் சென்ற அக்டோபர் 21ஆம் தேதி, பதினெட்டுப் பெண்களை அவர் வயலுக்கு அனுப்பி வைத்தேன். போய்ப் பார்த்தால் வயலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மண் வெடித்துக் கிடந்தது. கடைமடைக்காரர்கள் தண்ணீர் கடைசியில்தான் வரும் என்ற பயத்திலேயே ஆளுக்கு முதலில் சொல்லி வைப்பார்கள் என்பது, இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு உறைக்கவில்லை. அதே நேரத்தில் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில், பரம்படித்துச் சமன்செய்த வயல் காத்துக் கிடக்க, நாற்று முற்றிக்கொண்டிருந்தது. பதினெட்டுப் பேரும் வரப்பில் உட்கார்ந்து, “ஏண்டி, ஒன் கம்ப்யூட்டரு தண்ணியும் பாய்ச்சுமா?” என்று கேட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வெட்கத்தில் செத்தே போனேன். அவர்களுக்கு அன்றைய வேலை போனதை நினைத்து வீட்டில் அழுதேன்.

5. அழுது முடித்ததும் விரிதாளை முழுவதும் கலைத்தேன். பதிந்த தேதியைக் கடைசிக்குத் தள்ளினேன். நாற்று விட்ட நாள், வாய்க்காலில் அந்த வயலின் மடை எத்தனையாவது, பரம்படித்தாயிற்றா ஆகிய மூன்றையும் முன்னால் கொண்டுவந்தேன். முப்பத்தொரு வயலுக்கும் வாய்க்கால் கரையிலேயே நடந்து போய் மடை எண் கொடுத்தேன். அதன் பிறகு நடவு முடியும் வரை இருபத்தாறு நாள், ஒரு நாள்கூட ஒரு பெண்ணும் போன காலோடு திரும்பி வரவில்லை. ஒருவர் நாற்றும் முற்றவில்லை. சிங்காரவேலு வயலும் அதற்குரிய நாளில் நட்டாயிற்று.

6. இன்னொன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். முன்பெல்லாம் பெரிய பண்ணையின் நடவு முடியாமல் மற்ற வயலில் எங்கள் பெண்கள் கால் வைக்க முடியாது. சென்ற நவம்பரில் பண்ணை மேனேஜர் வழக்கம்போல வந்து நாளைக்கே ஆள் வேண்டும் என்றார். நீலாம்பாள் அத்தை கைப்பேசியை அவர் முன் நீட்டி, “உங்க முறை வியாழக்கெழமைங்க. முன்னாடி மூணு வயல் இருக்கு, நீங்களே பாருங்க” என்றார். குரலை உயர்த்தவில்லை, கையும் கட்டவில்லை. மேனேஜர் பட்டியலைப் பார்த்தார், முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்குக் குழு அவர்கள் வயலில் இறங்கியது. நான் எழுதிய சூத்திரம் ஒன்று அந்த இடத்தில் நின்று வேலை செய்ததை என் கண்ணால் பார்த்தேன். அன்று எனக்கு வந்த பெருமையை எந்த மதிப்பெண் பட்டியலும் தந்துவிட முடியாது.

7. குறுக்கு வழி இருந்தது. என் வகுப்புத் தோழி அஃப்ரீனின் தந்தை திரு. அப்துல் ஜலீல் கடைத்தெருவில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறார். என்னிடம் கம்பெனிச் சான்றிதழ் இல்லை என்று தேர்வுக்கு முன்பே கேள்விப்பட்டு, “நம்ம கடை லெட்டர் பேடுல எழுதித் தர்றேம்மா, சீல் குத்தி எடுத்துட்டுப் போ, யாரு கேக்கப்போறா?” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். வேண்டாம் என்றேன். “சாமிதுரை மகளாச்சே, சொன்னாக் கேக்கவா போற!” என்று சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். வாங்கியிருந்தால் இந்நேரம் தேறியிருப்பேன். ஆனால் வெயிலிலும் சேற்றிலும் நின்று என் பிழைகளைக் காட்டிக்கொடுத்தவர்களை மறைத்துவிட்டு, மிக்ஸி விற்கும் கடைக்கு மென்பொருள் செய்ததாக எழுத என் கை வரவில்லை.

8. முதலாம் ஆண்டில் வணிகத் தகவல் தொழில்நுட்பம் என்றால் சென்னையில் கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அடையாள அட்டை என்றுதான் நினைத்திருந்தேன். தங்கள் கல்லூரியில் படித்த பிறகுதான், சரியான தகவல் சரியான ஆளிடம் சரியான நேரத்தில் போய்ச் சேருவதுதான் இந்தப் படிப்பு என்று புரிந்தது. வாடிக்கையாளர், ஆள்பலம், காலக்கெடு, கொடுத்த வாக்கு எல்லாம் எங்கள் தெருவில் முன்பே இருந்தன. அவற்றுக்குப் பாடத்தில் என்ன பெயர் என்று தெரிந்ததும் தலை நிமிர்ந்து நடக்கத் தொடங்கினேன். அதற்கு என் ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லவும் இந்த மனுவைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

ஆகவே, என் அறிக்கையில் எழுதப்பட்ட ‘நிறுவனம் இல்லை’ என்ற குறிப்பை நீக்கி, மே மாதத்துக்குள் எனக்கு மறு வாய்மொழித் தேர்வு நடத்த ஆணையிடும்படி வேண்டுகிறேன். மென்பொருளைத் திறந்து பார்த்து, கேள்வி கேட்டு, அதில் குறை கண்டு என்னைத் தோல்வி அடையச் செய்தால் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி எழுதுவேன். முப்பத்தொரு விவசாயிகளின் தொலைபேசி எண்களையும் இணைத்துள்ளேன். யாரை வேண்டுமானாலும் அழைத்துக் கேட்கலாம்.

மறுதேர்வு நாளில் நிறுவனத்தின் சார்பில் திருமதி நீலாம்பாள் நேரில் வந்து சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார். மற்ற கம்பெனிகளிலிருந்து வரும் மேலாளர்களுக்குத் தேர்வு அறையில் நாற்காலி போடுவதைப் பார்த்திருக்கிறேன். அன்று அவருக்கும் ஒரு நாற்காலி போட உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) சா. தமிழ்நிலா

இடம்: மருதங்காட்டுக்குடி
நாள்: 02.05.2025

இணைப்பு: புராஜெக்ட் அறிக்கை, கையேட்டின் ஏழாம் பக்க நகல், விவசாயிகளின் தொலைபேசி எண்கள், குழுவின் இருபத்திரண்டு பெண்களும் கையெழுத்திட்ட கடிதம்.