றக்பி மகனுக்கு இரண்டு பூசைக் கருத்து

ரொம்மன், ஒஸ்லோ
18.06.2007

அன்பு மகன் சுரேனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறாய், ஆனால் அனுப்பிய படத்தில் இடது கண் வீங்கி மூடிக் கிடக்கிறதே ராசா, அது எந்த நாட்டுச் சுகம்?

நீ அனுப்பிய டிவிடியையும் போட்டுப் பார்த்தேன். இங்கிலாந்துக்குப் பொறியியல் படிக்கப் போன பிள்ளை இரண்டாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டுச் சம்பளத்துக்கு றக்பி விளையாடுகிறான், அதையும் நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. நீ முன்வரிசைக்காரன் என்கிறாய். எனக்கு விளங்கிய மட்டில் உன் வேலை, பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கும் மூன்று தடியன்மார் மேல் நேராகப் போய் விழுவது. இரண்டு பக்கமும் அவ்வளவு புல்தரை வெறுமையாகக் கிடக்க நீ அவர்களுக்குள்ளேயே ஓடுகிறாய், எழும்பித் திரும்பவும் அங்கேயே ஓடுகிறாய். கணக்கில் முதலாவதாக வந்த மூளை இதற்குத்தானா? பதினொரு ஆட்டத்தில் ஒன்பதுக்கு இறக்காமல் வெளியே வாங்கில் இருத்தி வைத்தார்கள் என்று கவலைப்பட்டிருந்தாய், அந்த ஒன்பதும்தான் எனக்குப் புத்தியுள்ள ஆட்டமாகத் தெரிகிறது. பேர்கனில் இருந்து உன் சித்தி புஷ்பமலர் போன் எடுத்து "சுரேன் அங்கை என்ன செய்யிறான் அக்கா?" என்று கேட்டாள். ஆட்களோடு பழகுகிற வேலை என்று சொல்லி வைத்தேன்.

அப்பா உன்னோடு கதைத்து ஆறு மாதம் ஆகிறது. நீ போன் எடுத்தால் என்னிடம் நீட்டுகிறார், உன் பெயரைச் சொன்னால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடிக்கிறார். சரி, வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம் என்று இருந்தேன். செப்டெம்பரில் உன் ஒப்பந்தம் முடிகிறது, கழகம் உன்னை இன்னொரு வருடம் வைத்திருக்காவிட்டால் வந்து படிப்பை முடிப்பாய் என்று நேற்றைய தமிழ்ப் பூசையில் வேண்டிக்கொள்ளத் துண்டில் ஒரு கருத்து எழுதிக் கொடுத்தேன். "மகன் சுரேன் விரைவில் வீடு திரும்ப, மக்டலீன்" என்று பாதர் உரத்து வாசித்தார், பிறகு அடுத்த துண்டை எடுத்தார். "மகன் சுரேனுக்கு அணியில் நிரந்தர இடம் கிடைக்க, கிளெமென்ற்." கோவிலே திரும்பி எங்களைப் பார்த்தது. உன் அப்பா பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வரும் வழியில் ரயிலில் கேட்டேன், "பிள்ளையோடை கதைக்கமாட்டியள், பூசை மட்டும் குடுப்பியளோ?" என்று. "விழுந்தாலும் பெடியன் பந்தை விடுறானில்லை, பாத்தனீரோ?" என்றார். நான் வேலைக்குப் போன நேரங்களில் அந்த டிவிடியை நாலு தரம் பார்த்தாராம், வெட்கமில்லாத மனிதர். நான் எங்கே பார்த்தேன், நீ விழும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பிள்ளைக்காக இப்படி எதிரும் புதிருமாகக் கேட்டால் ஆண்டவர்தான் என்ன செய்வார்? அடுத்த மாதப் பூசைக்கு ஒன்றாய் ஒரு கருத்துக் கொடுத்திருக்கிறோம், உன் எலும்பு முறியாமல் இருக்க. அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

மாதாவின் காவல் உன்னோடு இருக்கட்டும், உன் நெற்றியில் சிலுவை போட்டு விடுகிறேன். பல்லுக்குப் போடும் காப்பை மறக்காதே. ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குப் போன் எடு. அப்பா பக்கத்தில் இருப்பார். எவ்வளவு நேரம் மணி அடித்தாலும் நான் குசினி அடுப்பை விட்டு வர மாட்டேன்.

இன்னும் கோபம் ஆறாத அம்மா,
மக்டலீன்