இந்தக் கட்டி வலிக்காது

இன்று தென்காசியில் ஸ்கேன் அறையில் குப்புறப் படுத்திருந்தேன். முதுகில் தட்டுப்பட்ட கட்டியின் மேல் ஜெல்லைத் தடவினார்கள். அந்தச் சில்லிப்பில் உன் ஞாபகம் வந்தது, மாப்ள. அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

துபாயிலிருந்து நீ லீவில் வந்திருந்த சாரல் சீசன். ஐந்தருவியில் குளிக்கும் முன் வழக்கம்போல எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தோம். மசாஜ் பண்ணுகிறவர் உன் தோள்பட்டைக்குக் கீழே கையை நிறுத்தினார். "அண்ணாச்சி, இங்கன என்னமோ உருளுதே?" உன் முகம் செத்துப்போயிற்று. "கேன்சரா இருக்குமோலே?" என்று என் காதில் கேட்டாய். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். வீட்டில் மூச்சு விடக்கூடாது என்றாய்.

ஆஸ்பத்திரிக்கு வா என்றால், ஊசி பட்டால் சும்மா கிடக்கிற கட்டியும் கிளம்பிவிடும் என்று பயந்தாய். பதிலுக்குத் தினமும் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். "தண்ணி அடிக்கிற அடியில கரைஞ்சிரும்லே." கிறுக்குப் பயலே! கரையவில்லை. கடைசியில் நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா விரலால் அழுத்தினார். கட்டி மெத்தென்று வழுக்கி நகர்ந்தது. ஸ்கேன் எடுத்தார். கொஞ்சம் ஆழத்தில் இருந்ததால் ஊசியால் துளி எடுத்துச் சோதனைக்கும் அனுப்பினார். முடிவு வந்ததும், "வெறும் கொழுப்புக் கட்டி. பரவாது, வலிக்காது. வேகமா வளந்தாலோ, வலி வந்தாலோ உடனே வாங்க" என்றார். நம் காதில் விழுந்தது கேன்சர் இல்லை என்பது மட்டும்தான். வாசலில் வைத்து என்னைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினாய். அன்று புரோட்டாக் கடையில் நீ தின்ற வேகத்தைப் பார்த்துக் கடைக்காரரே சிரித்தார்.

கல்யாண வேலையில் அலையும்போது இடது தோள் வலிக்கிறது என்றாய். வியர்த்துக் கொட்டியது. காட்டிவிட்டு வருவோமா என்றேன். "அந்தக் கட்டிதாம்லே இழுக்குது. அது ஒண்ணுஞ் செய்யாதுன்னு சொல்லிட்டாங்கள்லா." எனக்கும் அது சரியென்றே பட்டது. மறுநாள் காலையில் கடையநல்லூரில் உன் வீட்டிலிருந்து போன் வந்தது. மாரடைப்பு. ராத்திரியே போய்விட்டாய்.

இன்றைய டாக்டரும், "கொழுப்புக் கட்டிதான் சார், பயப்படாதீங்க" என்றார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மரத்துப்போய் நின்றேன். சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்தேன்.

"இது வலிக்காதுல்லா டாக்டர்?"

"பொதுவா வலிக்காது."

"அப்ப வலிச்சா, அது வேற என்னமோன்னுதான பாக்கணும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு வலிக்கா சார்?"

இல்லை என்றேன். எனக்கு எங்கும் வலிக்கவில்லை, மாப்ள. அது உனக்காகக் கேட்டது.