எட்டாம் நாள் வந்த மான்

அம்மா,

இன்று அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி மத்தியானப் பார்சலைப் பிரித்தாள். சுடுசோறு பட்ட லஞ்ச் சீற்றின் மணம் எழும்பியது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். "என்ன, வயித்தைப் பிரட்டுதோ?" என்று பின்னால் வந்து கேட்டாள். ஓம் என்று சொல்லிவைத்தேன். உண்மையை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

நீங்கள் இருந்தவரை துறைமுகத்தடியில் இருந்த எங்கள் சாப்பாட்டுக் கடைக்குள் லஞ்ச் சீற்று என்கிற அந்தப் பொலித்தீன் தாள் நுழைந்ததில்லை. எல்லாம் வாட்டிய வாழையிலையும் பேப்பரும்தான். கோட்டைப் பக்கத்து மான்கள் ரோட்டில் திரிந்து, எறிந்த பார்சல்களை மணந்து பார்க்கும். குழம்பு ஊறியிருந்தால் தாளையும் சேர்த்து விழுங்கும். ஒருநாள் துறைமுகத் தொழிலாளி ஒருவர், "அக்கா, மானுக்காகவோ நாங்கள் ஒழுகிற பார்சல் காவுறது?" என்று பகிடி பண்ணினார். "ஓம் தம்பி. குழம்பு பட்டால் நீர் கையைக் கழுவலாம். அதுக்கு வயித்தைக் கழுவ ஏலாது," என்றீர்கள். அவர் பார்சலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். உங்களோடு கதைத்து வென்றவர் யார்?

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனபோது எனக்குப் பத்து வயது. நான் அழவில்லை. அதுதான் வீட்டில் எல்லாருக்கும் பயமாக இருந்தது. எட்டாம் நாள், எட்டுச் செலவன்று உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்து, நீங்கள் வந்து சாப்பிடட்டும் என்று கடையோடு சேர்ந்த எங்கள் வீட்டுக் குசினியின் உள்கதவைச் சாத்திவிட்டு முன்பக்கம் இருந்தோம். திறந்தபோது சோறும் இல்லை, இலையும் இல்லை. ஒரு பெட்டை மான் நடுவில் நின்றது. பின்வாசலால் வந்திருக்க வேண்டும். அது ஓடவில்லை. ஒவ்வொருவராக எங்களைப் பார்த்து, கடைசியில் என்னில் கண்ணை நிறுத்தியது. பெரியம்மா அழுதுகொண்டே, "அவதான் வந்து சாப்பிட்டிட்டா," என்றா. பெரியவர்கள் ஆறுதலுக்கு அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்படியே நம்பினேன். நீங்கள் போனபின் அன்றுதான் எனக்கு நித்திரை வந்தது.

கடை தள்ளாடியது. ஒற்றை ஆளாகச் சமைத்து, இலையும் வாட்டிப் பார்சல் கட்ட அப்பாவால் முடியவில்லை. பிந்தப் பிந்த ஆட்கள் வேறு கடைக்குப் போனார்கள். லஞ்ச் சீற்றோடு அவர் வந்த அன்று, "அம்மா கோவிப்பா," என்றேன். "தெரியும் பிள்ளை. கடையைப் பூட்டினாலும் கோவிப்பாதானே," என்றார்.

மான் ஒவ்வொரு நாளும் வந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, நீங்கள் இருந்து வெங்காயம் உரிக்கிற பின்வாசலில் அசையாமல் நிற்கும். அப்பா முன்னுக்கு வியாபாரத்தில் நிற்பார். நான் ஒரு பார்சலைக் கட்டியபடியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவேன். படைத்தால் பார்க்கக்கூடாது அல்லவா? மானுக்கு என்றால் பிரித்துக் கொட்டியிருப்பேன். உங்களுக்குத்தானே வைத்தேன், உங்களுக்குப் பிரிக்கத் தெரியும். திறந்தால் ஒரு பருக்கை இருக்காது, சீற்றும் இருக்காது. வழமைபோலக் கூட்டித் துப்பரவாக்கிவிட்டுப் போகிறீர்கள் என்று நினைத்தேன். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா?

கொஞ்சநாளில் மான் எலும்பாகியது, வயிறு மட்டும் ஊதியது. ஒரு காலை அதே வாசலில் செத்துக் கிடந்தது. மிருக வைத்தியர் வந்து வயிற்றைக் கிழித்தார். சீற்றுகள் ஒன்றோடொன்று முறுகித் தலையணை அளவில் வெளியே வந்தன. அப்பா குந்தியிருந்து பார்த்தார். "என்ரை கடைக் குப்பைதான் இதைக் கொண்டது," என்றார். அன்றோடு பார்சல் கட்டுவதை நிறுத்தினார். வருசம் முடியமுதல் கடையும் போய்விட்டது. அது குப்பை இல்லை, நான் கொடுத்தது என்று அவர் கண்மூடும்வரை நான் வாய் திறக்கவில்லை.

அதைவிடப் பாரமான ஒன்றையும் இன்னும் சுமக்கிறேன். கடைசி நாள் மான் தின்னவில்லை. பார்சலை மூக்கால் என் காலடிக்குத் தள்ளியது. திரும்பவும் வைத்தேன். திரும்பவும் தள்ளியது. சாப்பாடு பிடிக்காவிட்டால் நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்று பயந்துபோனேன். அன்று கதவைச் சாத்தவில்லை. பக்கத்தில் குந்தி, அதன் கழுத்தைத் தடவி, "எனக்காக ஒரு வாய் சாப்பிடுங்கோ அம்மா," என்றேன்.

கனநேரம் என்னைப் பார்த்தது. பிறகு முழுவதையும் சாப்பிட்டது.