வெள்ளாறு சார்

புகைப்படம் கேட்டு இன்று காலை மறுபடியும் மெயில் வந்திருக்கிறது. வெளிச்சம் நன்றாக விழவேண்டும், தோள்வரை தெரியவேண்டும், ஆள் தனியாக இருக்கவேண்டும். போனில் தேடிப் பார்த்தேன். நான் கொஞ்சம் லட்சணமாக இருக்கிற படம் ஒன்றே ஒன்றுதான், அதில் என் தோள்மேல் உன் கை கிடக்கிறது. உன்னை வெட்டினால் கை மட்டும் மிஞ்சுகிறது. கையையும் வெட்டினால் எனக்குப் பாதித் தோள் இல்லை. கட்டத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நீ கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாய். நம்முடைய வெள்ளாறு சாருக்கு அந்த இணையக் குழுவை நடத்துகிறவர்கள் இந்த வருடம் அங்கீகார விருது கொடுக்கிறார்களாம். சம்பளம் வாங்காமல் இத்தனை வருடம் ஊர் பேர் தெரியாதவர்களின் சந்தேகங்களைத் தீர்த்துவைத்ததற்கு.

அந்தப் பெயரை வைத்தது நீதான். அண்ணாமலை நகரில் விடுதி அறையில் இருந்தபோது, கணினிச் சந்தேகங்கள் கேட்கிற அந்த இணையக் குழுவில் என் பெயரில் ஒரு பதில் போட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் ஏழெட்டுப் பேர் "ஹாய்" அனுப்பிவிட்டார்கள். ஒருவருக்கும் எக்செல் விரிதாள் பற்றிச் சந்தேகம் இல்லை. "இது தேறாதுடி. ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாத பேரா வைப்போம். எங்க ஊரு ஆத்துப் பேர வச்சிரு, எவனும் ஆத்துக்கு ஹாய் சொல்ல மாட்டான்" என்றாய். உனக்கு வெள்ளாற்றங்கரைப் புவனகிரி. அப்படித்தான் இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்ட். அடுத்த நாளிலிருந்து "நன்றி சார்", "நீங்கள் கடவுள் சார்" என்று வர ஆரம்பித்தது. அறையில் நாம் ஒருவரையொருவர் சார் என்றே கூப்பிட்டுக்கொண்டோம்.

படிப்பு முடிந்து நான் கடலூரில் மருந்துக் கடைகளுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் மென்பொருள் ஆலோசகராக ஆனேன். நீ கல்யாணமாகிச் சிதம்பரத்தில் வீட்டோடு இருந்தாய். வெள்ளாறு சார் மட்டும் வேலையை விடவில்லை. நான் ஒரு பதிலை அவசரமாகப் போட்டுவிட்டால் உடனே உன் போன் வரும். "ஓட்டிப் பாத்தியா? ஓட்டிப் பாக்காம ஒரு வரி போடாத. நம்பி எடுத்துட்டுப் போறவன் பாவம்." எனக்கு எரிச்சலாக வரும். இலவசமாகச் செய்கிற வேலைக்கு இத்தனை கெடுபிடியா என்று கேட்டிருக்கிறேன். இலவசம் என்பதால்தான் யாரும் திரும்பி வந்து சண்டை போடமாட்டார்கள், அதனால் நாமே நம்மிடம் சண்டை போடவேண்டும் என்றாய்.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. குழுவில் நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, பாதி வெள்ளாறு இறந்துவிட்டது என்றா? நானே இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அங்கீகாரச் செய்தி வந்தபோது சந்தோஷம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரரிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். பிறகுதான் எந்தப் பதிலுக்காகத் தேர்ந்தெடுத்தோம் என்று அவர்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அது நீ எழுதியது. ரத்தப் பைகள் கெட்டுப்போகும் தேதியைக் கணக்கிட்டு, கெடுகிற நாளில் சிவப்பாகக் காட்டும் விரிதாள்.

அதே வாரம், அந்தப் பதிலுக்குக் கீழே ஒரு கேள்வி வந்தது. எங்கோ ஒரு மலையோர ஊரில் ரத்த சேமிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிற பெண். "சார், உங்கள் தாளைத்தான் நான்கு வருடமாகப் பயன்படுத்துகிறோம். போன மாதம் புதுப் பதிவு முறை வந்தது. அதிலிருந்து சில பைகளுக்கு மட்டும் ஒரு நாள் கூடுதலாகக் காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் இல்லை. இதை நம்பலாமா?"

ஒரு நாள் என்றால் சும்மாவா? சிவப்பாக வேண்டிய பை வெள்ளையாகவே நிற்கும், யாருக்காவது ஏற்றிவிடுவார்கள். தாளை எடுத்து முப்பது தேதிகளைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சரியாக வந்தது. உன் சூத்திரத்தின் நடுவில் நீ செய்திருந்த ஒரு வேலை எனக்குப் புரியவே இல்லை. அப்போது நான் எழுதியிருக்க வேண்டியது ஒரே வரி: இப்போதைக்கு நம்பாதீர்கள். நான் எழுதியது, "பார்த்துச் சொல்கிறேன்."

ஏன் அப்படி எழுதினேன் என்று உனக்குத் தெரியும். விருதுத் தேர்வுக் குழு அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கோளாறு என்று நானே எழுதினால் கையில் வந்தது போய்விடுமோ என்று பயந்தேன். இரண்டு நாள் அப்படியே விட்டேன்.

மூன்றாம் நாள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். உன் கணக்கு எங்காவது இருக்கும், அதைப் பார்த்தால் புரியும் என்ற நம்பிக்கையில்தான். வழியெல்லாம் அந்தப் பெண்ணின் கேள்வியையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும், "வாங்கம்மா, என்ன இப்பிடி வேர்த்துக் கெடக்கறீங்க?" என்றார். தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன், விருதையும் சேர்த்து. அவள் எழுதியதற்கு எனக்குக் கொடுக்கிறார்கள் அண்ணா என்று சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அதுல பாதி அவதான்னு எனக்குத் தெரியாதாம்மா? குக்கர் பாட்டுக்கு விசில் அடிச்சிட்டுக் கெடக்கும். இவ இங்க எவனுக்கோ பதில் எழுதிட்டு இருப்பா. அன்னிக்கெல்லாம் கொழஞ்ச சோறுதான்." உள்ளே போய் உன் லேப்டாப்பை எடுத்து வந்தார். "அவ போனதுக்கப்பறம் யாரும் இதத் தொறக்கல. மாசத்துக்கு ஒருக்கா சார்ஜ் மட்டும் போட்டு வெக்கறேன். எதுக்குன்னு கேக்காதீங்க."

வாங்கி உன் மேஜைமேல் வைத்துத் திறந்தேன்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. திறந்ததும் எதிரிலேயே ஒரு கோப்பு இருந்தது. 'வெள்ளாறு - போட வேண்டியது.' உள்ளே நான்கு வரி. "என் முந்தைய பதிலில் தவறு இருக்கிறது. தேதியை மட்டும் பதிந்தால் சரியாக வரும். நேரமும் சேர்ந்து பதிவானால், மதியத்துக்கு மேல் எடுத்த பைகளுக்கு ஒரு நாள் கூடிவிடும். கீழே உள்ளதைப் பயன்படுத்துங்கள், பழையதை நீக்கிவிடுங்கள்." அதன் கீழே சரியான சூத்திரம். கோப்பின் தேதியைப் பார்த்தேன். நீ கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்த வாரம்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாய். குரலே சரியாக வரவில்லை.

"பாஸ்வேர்ட் எடுக்கமாட்டேங்குதுடி. மாத்திட்டியா?"

"ஆமாண்டி, சைட்டுல எல்லாரையும் மாத்தச் சொல்லிட்டான். நீ ஏன் இப்ப அதப் போட்டு அலட்டிக்கற? ரெஸ்ட் எடு. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

"ஒன்னே ஒன்னு போடணும்டி. புதுசு என்னன்னு சொல்லு."

"அதெல்லாம் அப்பறம் போட்டுக்கலாம். மொதல்ல தூங்கு."

"சரிடி சார்" என்றாய். எதையும் மூன்று தடவை கேட்காமல் விடாதவள் அன்று இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டாய். உன்மேல் அக்கறையாக நடந்துகொண்டதாக இந்த இரண்டு வருடமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னை ஓய்வெடுக்கச் சொன்னதைப் பெருமையாகக்கூட யாரிடமோ சொல்லியிருக்கிறேன்.

உன் மேஜையில் உட்கார்ந்தே திருத்தத்தைப் போட்டேன், உன் வார்த்தைகளில், ஒரு எழுத்து மாற்றாமல். அதற்குக் கீழே நான் எழுதினேன்: "மேலே உள்ள பதிலையும் இந்தத் திருத்தத்தையும் எழுதியவர் என் தோழி. அவர் இப்போது இல்லை. திருத்தத்தை அவர் அன்றே எழுதிவிட்டார். அது வெளிவராமல் போனதற்குக் காரணம் நான்." தேர்வுக் குழுவுக்கும் அதையே விரிவாக எழுதி அனுப்பினேன். உன் வீட்டுக்காரர் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் உள்ளே போனார். டீ போட்டு வந்து பக்கத்தில் வைத்தார்.

ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண் பதில் போட்டாள். மூன்று பைகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்களாம். கொடுப்பதற்கு முன் பையின் மேல் ஒட்டியிருக்கிற தேதியையும் ஒருமுறை பார்ப்பது அங்கே வழக்கமாம், அதனால் இதுவரை தப்பாக எதுவும் போயிருக்காது, பயப்படாதீர்கள் என்று எழுதியிருந்தாள். கடைசியில், "நன்றி மேடம். உங்கள் தோழிக்கும்." மேடம் என்று ஒருவர் நம்மைக் கூப்பிட இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

பயப்படாதீர்கள் என்றால் போய்விடுமா? அவள் கேட்டாள், தெரிந்தது. கேட்காமல் எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேரோ, அவர்களிடம் எந்த லேபிள் வழக்கம் இருக்கிறதோ, எனக்குத் தெரியப்போவதில்லை. வெள்ளாறு எழுதிய பதில்களை முதலிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து ஆறு முடிகிறது. உன்னுடையது எது, என்னுடையது எது என்று பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. அவசரத்தில் எழுதினது மாதிரி இருந்தால் அது நான். தேர்வுக் குழு என் கடிதத்தைப் படித்தார்களா என்றே தெரியவில்லை. படம் கேட்டு மட்டும் மெயில் வருகிறது.

நேற்று மத்தியானம், பாதுகாப்புக்காக எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றவேண்டும் என்று மறுபடியும் அறிவிப்பு வந்தது. மாற்றினேன். மாற்றி முடித்ததும் யாரிடமோ உடனே சொல்லியாக வேண்டும் போல இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பிறகு, புதுப் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, உனக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொன்னேன். விட்டுப்போயிருக்குமோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.