வழுக்காத தரை

அக்கா,

இன்றைக்குச் சாயங்காலம் அம்மா என் உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தாள். நீ போன பிறகு அந்தப் பாட்டிலை இந்த வீட்டில் யாரும் தொடவில்லை. அடுப்படி மேல்தட்டில் ரவை டப்பாவுக்குப் பின்னால் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. மூடியைத் திருகியதும் வாடை வந்தது. உன்னுடைய கடைசிச் சாயங்காலத்தின் வாடை அது.

அப்பா அடுத்த அறையில் தூங்குகிறார். பூ ஏற்ற நிலக்கோட்டைக்கு வேனை எடுக்க வேண்டும் என்று அலாரம் வைத்திருக்கிறார். அது அடிப்பதற்குள் இதை முடித்து உன் ஸ்பைக்ஸ் ஷூவுக்குள் திணித்துவிட வேண்டும். அந்த ஷூ கிடக்கும் பையை வீட்டில் யாரும் திறப்பதில்லை. பேனா கீறுகிற சத்தம்கூட எனக்குப் பெரிதாகக் கேட்கிறது.

நாளைக்கு உன் காலேஜில் உன் பேரில் ஃபுட்பால் போட்டி. நினைவுக் கோப்பையாம். வாழ்நாள் முழுக்க ஓட்டம் ஓட்டம் என்று கிடந்த உனக்கு ஃபுட்பால் கோப்பை! உன் நம்பர் போட்ட புதுச் சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு முதல் பந்தை நான் உதைக்க வேண்டும். பிறகு மைக்கில் காலேஜுக்கு நன்றி சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடிந்ததும் எனக்கு அங்கே இலவச சீட்டு. அந்தக் காலேஜில் விளையாட்டுக்கு எல்லாமாக இருக்கிற பி.டி. சார் போன வாரம் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "அக்கா எடம் அப்புடியேதான்த்தா இருக்கு. ஒனக்குன்னே வச்சிருக்கோம்." அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார். சர்க்கரை தூக்கல் என்றும் சொன்னார்.

டிராக் சீசன் வருகிறதென்றால் முதலில் தெரிவது நம் வீட்டு மொட்டைமாடிக்குத்தான். அங்கே கிடக்கும் வேனின் பழைய டயரை நீ உருட்டிக்கொண்டு இறங்குவாய். குடகனாற்றில் தண்ணீர் வற்றி மணல் மட்டும் கிடக்கும். இடுப்பில் அப்பாவின் பழைய துண்டைச் சுற்றி, அதன் மேல் கயிற்றைக் கட்டி, டயரை இழுத்துக்கொண்டு ஓடுவாய். "வெயிட்டு பத்தல, நீ ஏறி உக்காருடி" என்பாய். நான் டயருக்குள் காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வேன். உன் காலில் இருந்து கிளம்பும் மணல் முழுவதும் என் வாயில்தான்.

"அக்கா, எறங்கிக்கிறவா?"

"எறங்குனே, கொன்னுருவேன். இன்னும் ஒரே தடவ."

அந்த ஒரே தடவை முடிந்ததே இல்லை. ஆடு ஓட்டி வந்த மாமா ஒருவர் கரையில் நின்று கத்தினாரே, நினைவிருக்கிறதா? "ஏத்தா, மாடு வாங்க வக்கில்லாம அக்காளப் பூட்டிட்டியாக்கும்?" நீ நிற்காமல் திருப்பிக் கொடுத்தாய்: "ஒங்க காட்டுக்கும் வாரேன் மாமா, கூலிதான் சாஸ்தி!" அவர் சிரித்த சிரிப்பில் ஆடுகள் கலைந்துவிட்டன. டயர் கனமாக இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். "திரும்பிப் பாக்காம இழுக்கணும்டி. பாத்தா கனம் கூடிரும்" என்றாய்.

நானூறு மீட்டரில் நீ ஜெயித்ததற்காகத்தான் அந்தக் காலேஜ் உன்னைச் சேர்த்துக்கொண்டது. சேர்ந்த முதல் வாரமே ஃபுட்பால் டீமிலும் உன் பேரைப் போட்டார்கள். ஓடுகிற பிள்ளைகளை எல்லாம் பந்துக்கு இழுப்பது அங்கே வழக்கம். தாளாளருக்கு ஃபுட்பால் கோப்பை என்றால் உயிர். அவர் அறையில் கண்ணாடி அலமாரி முழுக்கக் கோப்பை. ஆனால் பெண்கள் டீமுக்குப் பதினொரு பேர் சேர்வதே பெரும்பாடு. நீ தயங்கினாய். அதற்கு பி.டி. சார் சொன்னதை அன்றைக்கு வீட்டில் அவர் மாதிரியே கழுத்தைச் சாய்த்து நடித்துக் காட்டினாய். "நானூறு ஓடுற பொண்ணுக்கு ஓரத்துல ஓடுறது என்னத்தா கஷ்டம்? கூட ஒரு பந்து இருக்கும், அம்புட்டுதான்." நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார்.

அம்புட்டுதான். காலையில் டிராக், சாயங்காலம் பந்து. மாசிக் கடைசியில் வெயில் ஏற ஏற உன் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப் போவாய். அம்மா கத்துவாள்: "ஒண்ணு ஓடு, இல்ல பந்து ஒத. ரெண்டு ஒடம்பா வச்சிருக்க?" நீ கண்ணைத் திறக்காமலே சொல்வாய்: "யுனிவர்சிட்டி மீட்டு முடியட்டும்மா. அதுல ஜெயிச்சிட்டா பந்துக்கு ஒரு கும்புடு." அந்த மீட்டுக்கு முந்தின வாரம் ஃபுட்பால் ஃபைனலை வைத்தார்கள்.

ஃபைனலுக்கு நான் பந்து பார்க்க வரவில்லை. மேட்ச் முடிந்ததும் டிராக் வளைவில் ஓடிப் பழக வேண்டும், கடிகாரம் பிடிக்க ஆள் வேண்டும் என்று நீதான் கூட்டிப்போனாய். "பந்து வேலைய முடிச்சிட்டு வாரேன். ஸ்பைக்ஸ மண்ணுல வைக்காத" என்று பையை என் மடியில் போட்டாய். மேட்ச் முழுக்க அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

உயரமாக வந்த பந்துக்கு நீயும் எதிர் டீம் பெண் ஒருத்தியும் சேர்ந்து எழும்பினீர்கள். தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். பந்து எங்கேயோ போனது. நீ விழுந்தபோது தலை இன்னொரு தரம் தரையில் பட்டது. கார்னர் கொடிக்குப் பக்கத்தில், புல்லே இல்லாத கட்டாந்தரை அது. நான் ஓடி வந்தேன். அதற்குள் நீ எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். "பர்ஸ்ட் ஹாஃப் முடிஞ்சிருச்சாடி?" என்றாய். முடிந்துவிட்டது என்றேன். செத்த நேரம் கழித்து மறுபடியும், "பர்ஸ்ட் ஹாஃப் முடிஞ்சிருச்சா?" என்றாய்.

பி.டி. சார் பாட்டில் தண்ணீரை உன் தலையில் கொட்டினார். "ஒண்ணுமில்லத்தா, வெயிலு. எந்திரி."

"சார், அக்கா கேட்டதையே கேக்குறா" என்றேன்.

"நீ யாரு பாப்பா? கோட்டுக்கு அங்கிட்டுப் போ."

மாற்றி இறக்க வேறு ஆள் இல்லை. வந்திருந்ததே பதினொரு பேர். நீ எழுந்து உள்ளே போனாய். பந்து காலுக்கு வந்ததும் உங்கள் டீம் கோலைப் பார்த்தே ஓட ஆரம்பித்தாய். உன் டீம் பெண்கள் கையை ஆட்டிக் கத்தினார்கள். வேடிக்கை பார்த்த பையன்களெல்லாம் கைதட்டிச் சிரித்தார்கள். "யக்கா, வண்டிய ரிவர்ஸ்ல எடுக்குது டோய்!" யாரோ ஒருவன் விசில் அடித்தான். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நீயும் சிரித்தாய், அக்கா. அந்தச் சிரிப்பை என்னால் எங்கேயும் கொண்டுபோய் வைக்க முடியவில்லை.

மேட்சில் ஜெயித்தீர்கள். கோப்பையோடு எடுத்த போட்டோவில் நீ ஓரத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாய். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கித்தான் நாளைக்கு மேடையில் மாலை போடப் போகிறார்கள்.

நம் தாடிக்கொம்புக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலில் வாந்தி எடுத்தாய். "ஏம்மா, ஒரு கவரக் கையில வச்சிக்கிறக் கூடாதா?" என்று கண்டக்டர் திட்டினார். வீட்டுக்கு வந்து மறுபடி வாந்தி. என் வாயைத் திறக்கவிடாமல் நீயே முந்திக்கொண்டாய்: "வெயிலும்மா. தலையில லேசா இடிச்சிக்கிட்டேன், வேற ஒண்ணுமில்ல." சீசன் முழுக்க அம்மா அந்த வெயிலைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். அதனால் உடனே நம்பினாள். வெயில் ஏறிவிட்டால் நம் வீட்டில் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். உச்சந்தலையில் விளக்கெண்ணெய், தொப்புளில், கால் கட்டைவிரல் நகத்தில். நீர்மோர் கொடுத்தாள். "சூடு எறங்கட்டும், தூங்க விடு" என்று என்னை வெளியே துரத்தினாள். நீ தூங்கினாய். விடிந்து எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

அப்பா காலேஜுக்குப் போன் போட்டிருந்ததால் ஆஸ்பத்திரி வாசலில் நமக்கு முன்னால் பி.டி. சார் நின்றார். அப்பாவின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போனார். பின்னால் நான் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. "மேட்ச்சுன்னு சொன்னா போலீசு, கேசுன்னு இழுத்தடிப்பாங்கண்ணே. வீட்டுல விழுந்துச்சுன்னு சொல்லிருங்க. சின்னவளுக்கு நாங்க இருக்கோம்." டாக்டர் வந்து, "எங்க விழுந்துச்சு?" என்று கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "பாத்ரூம்ல வழுக்கிருச்சு சார்" என்றார். தலைக்குள் ரத்தம் கட்டிக்கொண்டது என்றார்கள். அன்றைக்கு மத்தியானமே நீ போய்விட்டாய்.

நம் பாத்ரூமில் எங்கே வழுக்குவது? டைல்ஸா போட்டிருக்கிறோம்? சொரசொரப்பான சிமெண்டுத் தரை. நீயே அதில் குதிகாலைத் தேய்த்துத்தானே வெடிப்பைச் சுத்தம் செய்வாய். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய் அந்தத் தரையை எட்டிப் பார்த்தார்கள். "சோப்புத் தண்ணி நின்னுருக்கும்" என்றாள் ஒருத்தி. மறுநாள் அம்மா பிளீச்சிங் பவுடர் போட்டு, இல்லாத பாசியைத் தேய்த்து எடுத்தாள். பதினாறு முடிந்ததும் அப்பா ரப்பர் மேட் வாங்கிப் போட்டார். அதிலிருந்து நான் குளிக்கப் போகும்போதெல்லாம் அம்மா அடுப்படியில் இருந்து குரல் கொடுப்பாள்: "பாத்துக் கால வைடி." ஒரு நாள்கூடத் தவறியதில்லை. பொய்யைச் சொன்னவர்கள் மறந்துவிடலாம். எங்கள் வீட்டில் அதன் மேல் மேட் விரித்துத் தினமும் மிதித்துக்கொண்டிருக்கிறோம்.

நான் ஒருத்தி பார்த்தேன் என்பதைக் கேட்க யாரும் இல்லை. ஒரு தடவை அப்பாவிடம் ஆரம்பித்தேன். "நீ சின்னப் புள்ள. ஒன் படிப்பு வீணாப் போயிரும்" என்றார். அதட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தலை வலிக்கிறது என்றேன். நாளையை நினைத்து வந்த வலி. அம்மா கையில் இருந்த அரிசிச் சுளகை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி இரண்டு கண்ணையும் பார்த்தாள்.

"எங்கிட்டாச்சும் விழுந்தியா?"

"இல்லம்மா. பயமா இருக்கு. நான் நாளைக்கு அங்க போகல."

அம்மா அடுப்படிக்குப் போனாள். பாட்டிலை எடுத்து வந்து என்னை முன்னால் உட்கார வைத்தாள். எண்ணெய் வைத்து அரக்கிக்கொண்டே இருந்தவள் திடீரென்று கையை நிறுத்தினாள்.

"அன்னிக்கு அவ எந்தப் பக்கமா விழுந்தா?"

 திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. கையைத் தூக்கி என் இடது காதுக்கு மேலே தொட்டுக் காட்டினேன். அம்மாவின் விரல் வந்து அதே இடத்தில் நின்றது.

"அங்க வீங்கி இருந்துச்சு. எண்ணெ தேய்க்கையில கைக்குத் தட்டுப்பட்டுச்சு. தட்டுப்பட்டுச்சுடி. வெயிலுக் கட்டியாக்கும்னு அமுக்கி விட்டேன்."

 வெளியில் வேன் சத்தம் கேட்டதும் அம்மா பாட்டிலை மூடி எழுந்துகொண்டாள். தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போனேன். வழக்கமான அந்த வார்த்தைக்காகப் பாத்ரூம் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "நாளைக்கு நானும் வாரேன்."

"ஒனக்கு மில்லு இருக்குல்ல?"

"லீவு சொல்லிக்கிறேன்."

"அங்க வந்து நீ என்ன செய்யப் போற?"

"அவ விழுந்த எடத்தப் பாக்கணும்."

அப்பாவின் கை சோற்றில் அப்படியே இருந்தது. சுவரில் பல்லி கத்தியது கேட்டது. பிறகு, "வெஞ்சனம் வையி" என்றார். அம்மா பொரியலை வைத்தாள். அவர் அதைத் தொடவே இல்லை. கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். தூங்குகிறார் என்று முதலில் எழுதினேன். தூங்குகிறாரா என்று தெரியவில்லை. குறட்டைச் சத்தம் வரவில்லை.

நாளைக்கு அந்தச் சட்டையை நான் போடப் போவதில்லை. பந்தை உதைக்க மாட்டேன். மைக்கைக் கொடுத்தால் ஒரே ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். "என் அக்கா இந்த மைதானத்தில்தான் விழுந்தாள்." சின்ன வாக்கியம்தான். ஆனால் தலையணைக்குள் வாயை வைத்துச் சொல்லிப் பார்த்தாலே பாதியில் நின்றுவிடுகிறது. சொன்னால் சீட்டுப் போய்விடும். அப்பாவை ஊர் கேட்கும். பி.டி. சார் "நீ யாரு பாப்பா?" என்று மறுபடியும் கேட்பார். குரல் வராமலும் போகலாம். வராவிட்டால் மேடையை விட்டு இறங்கி, எல்லோரும் பார்க்க அம்மாவின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவேன். கார்னர் கொடிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். புல் இல்லாத இடம். அங்கே கொண்டுபோய் நிறுத்துவேன்.

நீ போன பிறகு நானும் டயரை இறக்கினேன், உனக்குத் தெரியுமா? அதே துண்டு, அதே கயிறு. டயரில் யாரும் உட்காரவில்லை. இருந்தும் நான் உட்கார்ந்திருந்த காலத்தைவிடக் கனமாக வருகிறது. இத்தனை நாளும் நீ சொன்னபடி திரும்பிப் பார்க்காமலே இழுத்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்குத் திரும்பிப் பார்க்கப் போகிறேன், அக்கா. கனம் கூடினால் கூடட்டும்.