கட்டில் கிடக்கும் அறை

மகளுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்ததெல்லாம் போதும். ஊரையே கூட்டிக் கல்யாணம் செய்துகொண்டு, என்னை மட்டும் அழைக்காமல் விட்டாய். அதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

இன்று வருமான வரி விஷயமாக ஆடிட்டரிடம் போனேன். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிறவன் என்னென்ன தொழில் செலவு காட்டலாம் என்று கேட்டேன். அகராதி, பிரிண்டர் மை, இன்டர்நெட் எல்லாம் குறித்துக்கொண்டார். வேலை செய்யும் மேஜை உன் அறையில் இருப்பதையும் சொன்னேன்.

"அந்த ரூம் வேலைக்கு மட்டும்தான்னா, வீட்டு வாடகையில ஒரு பங்கைச் செலவுல காட்டலாம் சார். வரி நல்லாக் குறையும்."

"அங்க என் பொண்ணோட கட்டில் கிடக்கு."

"பொண்ணு வந்து தங்குறாங்களா?"

பிரிண்டர் மை ரசீதைத் தேடி எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"அப்போ கட்டிலைத் தூக்கி வெளிய போடுங்க சார். அதுவா உக்காந்து மொழிபெயர்க்கப்போகுது?" என்று சிரித்தார்.

வேலைக்கு மட்டும் என்று எழுதினால், நீ இனி வரமாட்டாய் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. "அது என் பொண்ணு ரூம். செலவுல சேர்க்காதீங்க" என்று சொல்லி, முழு வரியையும் கட்டிவிட்டு வந்தேன். வந்ததும் உன் மெத்தையை வெயிலில் போட்டேன்.

இதை வைத்து, மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

"இனிமே அப்பான்னு சொல்லிக்கிட்டு எனக்கு எழுதாதீங்க" என்று கடைசியாகப் போனில் சொன்னாய். வேறு என்னவென்று கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை. போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.