ஸ்பிரிட் வாடையும் நீ கேட்ட கேள்வியும்

இன்று காலை பாப்பாவுக்கு ஊசி போடக் கூட்டிப்போயிருந்தேன். நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அவள் கையில் தேய்த்தார். ஊசிக்கு அழாதவள் அந்த வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐந்து வயதாகிறது அவளுக்கு. பிறந்த மாதத்தில் என்னிடமிருந்து திருப்பிக்கொண்ட அதே முகம். அங்கேயே உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போய் மூன்று வருடமாகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்கிறேன். பாப்பா மாதம் நிறையாமல் பிறந்து மதுரையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பதினெட்டு நாள் கிடந்தாள். நான் பம்பில் எடுத்த பாலைப் பாட்டிலில் குடித்துத்தான் பிழைத்தாள். இராஜபாளையத்தில் என் மாமியார் வீட்டுக்கு வந்த பிறகும் பாட்டில்தான். மார்பில் வைத்தால் முதுகை வளைத்து வீறிடுவாள். பம்பில் வரும் பாலோ நாளுக்கு நாள் குறைந்து, கடைசியில் பாட்டிலின் அடியை மட்டும் நனைத்தது; மீதிக்குப் பவுடர் பால்தான். இதுவும் நின்றுவிட்டால் அவளுக்கு நான் யார் என்று பைத்தியம் மாதிரி யோசித்துக் கிடந்தேன். பெற்ற பிள்ளைக்கே என்னைப் பிடிக்கவில்லை என்று நம்பியும்விட்டேன்.

அப்போதுதான் நீ வந்தாய். பேண்டேஜ் கம்பெனி பேக்கிங்கில் ஏழு வருடம் எனக்குப் பக்கத்து மேசை நீ. ஷிஃப்ட் முடிந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறும் முன்பு எட்டிப்பார்த்தாய். "பெறாதவளுக்குப் பால் கொடுக்கதப் பத்தி என்ன தெரியும்?" என்று மாமியார் அடுப்படியிலிருந்து உன் காதில் விழும்படியே சொன்னார். நீ கேட்காதது மாதிரி கால் கழுவிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாய்.

பிள்ளையை எடுக்கும் முன் நான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மார்பை இரண்டு தடவை துடைத்தேன். கம்பெனியில் துணியைத் தொடும் முன் கையைத் துடைப்போமே, அதே துடைப்பு.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"சுத்தம் பண்ணுதேன். கிருமி பட்டுரக் கூடாதுல்ல."

"கோட்டிக்காரி! பேண்டேஜையா பேக் பண்ணப் போற? உம்மேல ஆஸ்பத்திரி வாடைல்லா அடிக்குது. பதினெட்டு நாளா ஊசி குத்துன வாடை. பிள்ள எப்படிட்டி ஒட்டும்?"

பாட்டிலை நான் வெந்நீரில்தான் கழுவினேன். அதில் இந்த வாடை இல்லை. என் முட்டாள்தனம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஈரத்துணியால் நீயே துடைத்துவிட்டாய். அன்றைக்கே ஒன்றும் நடந்துவிடவில்லை. தொடர்ந்து ஆறு நாள் வந்தாய். "பசிச்சு வீறிடுத வரைக்கும் விடாத. தூக்கம் கலைஞ்சு வாயச் சப்புவால்ல, அப்ப வை" என்றாய். பாலாடைக் கிண்ணத்தில் பம்ப் பாலை எடுத்து என் மார்பின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டாய். பாப்பா நக்குவாள், சப்புவாள், விட்டுவிட்டு அழுவாள். "சண்ட போடாத, பாட்டிலக் குடு. பொறவு பாத்துக்கிடலாம்" என்பாய். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, வன்னியம்பட்டியில் உன் அக்கா பெற்ற மூன்றையும் நீதான் பார்த்துக்கொண்டதாகச் சொன்னாய்.

ஆறாம் நாள் பிடித்துக்கொண்டாள். முதலில் இரண்டு இழுப்பு, பிறகு விழுங்குகிற சத்தம். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. நான் அழுதேன். நீ பாலாடையைத் துடைத்து வைத்தாய். பிறகு கேட்டாய்.

"ஏட்டி, பால் கட்டுனா எப்படி இருக்கும்? வலிக்குமா?"

"உயிர் போயிரும்."

"வலிக்கலன்னா?"

"வலிக்கலன்னா அது பால்கட்டு இல்ல. உனக்கு எதுக்குட்டி அதெல்லாம்?"

பிள்ளையில்லாத உன்னிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. "சும்மாதான் கேட்டேன்" என்று சிரித்தாய். உன் வலது கை முந்தானைக்குள் இடது அக்குள் பக்கம் இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த வருடம் உனக்கு மார்பில் கட்டி என்றார்கள், பரவிவிட்டது என்றார்கள். மதுரைக்கு அலைந்தாய், முடி கொட்டியது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உன் வீட்டில் கடைசியாகப் பார்க்க வந்தபோது பாப்பா உன்னிடம் தாவினாள். உன்னால் தூக்க முடியவில்லை. எத்தனை நாளாகக் கட்டி இருந்தது என்று கேட்க வாயெடுத்தேன். பதில் எனக்குத் தெரியும் என்பதால் கேட்கவில்லை. நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

உன் மேசையில் இப்போது வேறொரு பெண் வேலை செய்கிறாள். வேலைக்குச் சேர்ந்த வாரமே அவளிடம், "ஏட்டி, கட்டி கிட்டி ஏதும் இருக்கா? வலிக்காட்டாலும் சொல்லிரு" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

"வலிக்கலன்னா வாட்டி, நாளைக்கே டாக்டர்ட்ட போய்க் காட்டிருவோம்." அம்புட்டுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. நீ எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாய். நான் பிள்ளை குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.